புதுச்சேலையின் முனை

பஸ் அரியாங்குப்பம் பாலத்தின் மேல் ஏறும்போதுதான் அக்கா அதைப் பார்த்தாள். முகம் துடைக்க முந்தானையை விரித்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். அன்றுதான் முதன்முதலாகக் கட்டிய வெள்ளைச் சேலை. அதன் முனையில் கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள்.

"அம்மா வேல," என்றேன்.

புதுத்துணியை மஞ்சள் வைக்காமல் எங்கள் தெருவில் யாரும் உடுத்தமாட்டார்கள். அதிலும் இது வெள்ளை. அப்பா இறந்தபிறகு அம்மா கட்டுகிற நிறம். கல்யாணம் ஆகாத பெண் அதைக் கட்டிக்கொண்டு வாசல் தாண்டுவதை அம்மாவால் பார்க்க முடியவில்லை. "நர்சுன்னா இதாம்மா உடுப்பு," என்று அக்கா எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். அம்மா தலையாட்டினாள். ஆனால் விடியற்காலையில், குழம்புக்குத் தவிர மஞ்சளைத் தொடாத அந்தக் கை, எங்களுக்குத் தெரியாமல் அதைக் குழைத்திருக்கிறது.

பின்சீட்டில் எங்கள் ஊர் வள்ளியம்மாள் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். "இன்னாடி அமுதம், வெள்ளையும் சொள்ளையுமா கெளம்பிட்ட? எறங்கறதுக்குள்ள எனக்கு ஊசி கீசி போட்டுடாதடி!" பஸ்ஸே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். மடியில் அவள் கை மட்டும் அந்த முனையைக் கசக்கிக்கொண்டே இருந்தது.

அப்பா இறந்த வருஷம் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். நானும் அம்மாவும் நடவுக்குப் போனோம். அக்கா கன்னியாஸ்திரீகளின் விடுதியில் தங்கி நர்சுக்குப் படித்தாள். படிப்பு முடிந்து ஊருக்கு வந்தவள் முதலில் பார்த்த வைத்தியம் அம்மாவின் கால்தான். சேற்றுப்புண் விரலிடுக்கெல்லாம் தின்றிருந்தது. வெந்நீரில் கழுவி மருந்து வைத்துக் கட்டிவிட்டு, "இனிமே நீ சேத்துல எறங்கக் கூடாது," என்றாள். மறுநாள் அம்மா கட்டை அவிழ்த்துக் கூரை எறவாணத்தில் செருகிவிட்டு நடவுக்குப் போனாள். அன்றிலிருந்து அக்கா வேலை தேடி அலைந்தாள். பிரெஞ்சுக்காரன் போய்க் கொடி மாறியிருந்த சமயம். அவள் வாங்கின பிரெஞ்சுச் சான்றிதழ் இனிச் செல்லுமா என்று கேட்டால், போன இடத்திலெல்லாம் பொறுத்திரு என்றார்கள். கடைசியாக, மடத்தார் நடத்தும் சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் ஓர் இடம் காலி என்று தெரிந்தது. அதற்குத்தான் போய்க்கொண்டிருந்தோம்.

ஆஸ்பத்திரி முற்றத்தில் குழாயடி. துவைகல் மேல் ஒரு துண்டு சோப்பு. அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நேராகப் போய் முனையை நனைத்துச் சோப்பைத் தேய்த்தாள். மஞ்சளில் சோப்பு பட்டால் சிவந்துபோகும் என்று தெரியாத பெண் எங்கள் பக்கத்தில் கிடையாது. அவளுக்கும் தெரியும். ஆனால் கறையைக் கண்டதும் சோப்பைத் தேடு என்று விடுதி இத்தனை வருஷம் பழக்கிய கை, அவள் நினைப்பதற்குள் முந்திக்கொண்டுவிட்டது. கண்ணெதிரில் அந்த மஞ்சள் செக்கச்செவேலென்று ஆனது. தண்ணீர் விட விட ஓரம் கரைந்து பரவியது. பார்த்தால் ரத்தம் என்றுதான் யாரும் சொல்வார்கள்.

"எலுமிச்சங்கா கெடைச்சா மாறிடும்டி…" என்று அக்கா சொல்லும்போதே உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். ஈர முனையை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். நான் கதவோரமாக நின்றேன்.

மேசைக்குப் பின்னால் வயதான வெள்ளைக்கார மேர் உட்கார்ந்திருந்தார். மடத்துத் தலைவியை அப்படித்தான் அழைப்பார்கள். பக்கத்தில் விருத்தாம்பாள் என்கிற வேலைக்காரம்மா, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மேர் கேட்டதற்கெல்லாம் அக்கா பிரெஞ்சில் தயங்காமல் பதில் சொன்னாள். கட்டுப் போடச் சொன்னார், விருத்தாம்பாளின் கையிலேயே போட்டுக் காட்டினாள். மேர் முகம் மலர்ந்தது. எனக்குள் அம்மாவின் கால் அப்போதே ஆறத் தொடங்கியது.

"நகம் சரி. தலை சரி," என்றார் மேர் தமிழில். "திரும்பு."

திரும்பும்போது முனை நழுவித் தொங்கியது.

"இது என்ன? ரத்தமா?"

"மஞ்சள், மேர்."

"இது சிவப்பு."

"சோப்பு பட்டுது மேர். பட்டா அப்படித்தான் ஆவும். எங்கம்மா…"

"நான் இந்த ஊரில் கிழவி ஆகிவிட்டேன், பெண்ணே. மஞ்சள் எனக்குத் தெரியும். அழுக்கோடு வந்தாய், போகட்டும். பொய் ஏன் சொல்கிறாய்?"

அக்கா விருத்தாம்பாளைப் பார்த்தாள். "இவங்களக் கேளுங்க மேர். இவங்களுக்குத் தெரியும்."

மேரின் அங்கிகளைத் துவைப்பது விருத்தாம்பாள்தான். அவளுடைய தாலிச்சரடு பூசிக் குளித்த மஞ்சளில் பளபளத்தது. மேர் அவள் பக்கம் திரும்பினார். அவள் கையிலிருந்த துணியை இன்னும் சின்னதாக மடித்தாள்.

"நான் இன்னாத்தக் கண்டேன் மேர்."

அவள் கையில் அக்கா போட்ட கட்டு இருந்தது. அதைக்கூட அவள் அவிழ்க்கவில்லை.

மேர் அக்காவின் சான்றிதழை அவளிடமே திருப்பி நீட்டினார். நாங்கள் வாசலுக்கு வருவதற்குள் விருத்தாம்பாள் பின்னாலேயே ஓடிவந்தாள். "எம்மேல கோச்சிக்காத பாப்பா. அந்தம்மா ஒண்ணு சொல்லி நாம ஒண்ணு சொன்னா வுடுவாங்களா? எனக்கும் வூடு வாசல் கீது." அக்கா அவள் கையைப் பிடித்து, கட்டை மெதுவாக அவிழ்த்துச் சுருட்டி அவளிடமே கொடுத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா அழுவாள் என்று காத்திருந்தேன். அழவில்லை. கன்னியகோயில் வரப்போகும்போது, "அம்மாகிட்ட மஞ்சளப் பத்தி வாயத் தொறக்காத," என்றாள். "செத்தாலும் சொல்லாத."

"வேற இன்னா சொல்லுவ?"

அக்கா சிவந்த முனையை இடுப்புக்குள் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டாள்.

சோரியாங்குப்பத்துக்குள் நுழைந்தபோது எங்கள் தெருவே வாசலில் நின்றது. அம்மா எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறாள். நடவிலிருந்து நேராக வந்த காலில் சேறு காய்ந்திருந்தது. வாயைத் திறந்து கேட்கப் பயந்து, அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குள், எதிர்வீட்டு ஜெயா நிறைமாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நர்சம்மா வந்தாச்சி, இனிமே எனக்கு இன்னா பயம்? இங்க பாருடி அமுதம், காலைலேர்ந்து ஒரே ஒதை." அக்காவின் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

அக்கா கையை எடுக்கவில்லை. இன்னொரு கையையும் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, குழந்தையின் தலை எந்தப் பக்கம் இருக்கிறதென்று விரல்களால் மெல்ல மெல்லத் தேடினாள்.

"பாத்தியாடி, எப்பிடிப் பாக்குறா எம்மொவ," என்று அம்மா யாரிடமோ கிசுகிசுத்தாள். அக்கா கண்ணைத் திறக்காமல் இன்னும் தேடிக்கொண்டிருந்தாள்.