பாதையை விட்டு இறங்கியவன்

கப்பல் சென்னையை விட்டுக் கிளம்பிய இரண்டாம் நாள் மத்தியானம்தான் சம்பத் அந்த விஷயத்தை நயீம் அகமதுவிடம் சொன்னான். ஐசக் கீழ்த்தளத்தில் வாந்தியெடுத்துக் களைத்துப் படுத்திருந்தான். அந்தமானில் மலையேறி இறங்கும் ஓட்டப் பந்தயம் நடக்கப்போகிறது என்று பேப்பரில் பார்த்து, மூன்று பேருக்கும் பெயர் கொடுத்தவன் அவன்தான். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி ஆபீசில் அவனுக்கு வேலை. நயீம் ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங் செய்கிறவன். சம்பத் அதே ஊரில் தோல் பதனிடும் டேனரியில், சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏலகிரி மலைப்பாதையில் சேர்ந்து ஓடி ஓடியே மூவரும் சிநேகிதர்கள் ஆனவர்கள்.

"நான் திரும்பி வர்ல, நயீம்" என்றான் சம்பத்.

நயீமுக்குக் காரணம் தெரியும். போன வருஷம், எண்பத்தொன்றில், சம்பத்தின் அண்ணன் கனகராஜ் லாரி மோதி இறந்துபோனான். அண்ணி பங்கஜத்தையும் இரண்டு பெண் குழந்தைகளையும் சம்பத்தே கட்டிக் காப்பாற்றட்டும் என்று பெரியவர்கள் கூடி முடிவு செய்தார்கள். அம்மா கங்கம்மாள் அழுதாள், மாமா தலையாட்டினார். வாசற்படியில் நின்றிருந்த சம்பத்தை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவனும் வாயைத் திறக்கவில்லை. வரப்போகிற தையில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். அதுவரை அவனைத் தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணி அன்றிலிருந்து எப்படியும் கூப்பிடுவதில்லை. தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அந்த வீட்டுக்குள் மூச்சு விடுவதே அவனுக்குச் சிரமமாகிவிட்டது.

அம்மாவிடம் சொல்லிப் பாரேன் என்றான் நயீம். அவள் அழ ஆரம்பித்தால் தன்னால் நிற்க முடியாது என்றான் சம்பத். பந்தயத்தின் நடுவில் பாதையை விட்டு விலகிவிடுவான். தீவில் மரம் அறுக்கும் வேலை எங்கேயாவது கிடைக்கும். யாராவது தேடப் புறப்பட்டால், அவன் இஷ்டப்பட்டுத்தான் போனான், தேட வேண்டாம் என்று நயீம் தடுக்க வேண்டும். ஐசக்குக்குக்கூடச் சொல்லக்கூடாது. கடைசியில் நயீம் சத்தியம் செய்து கொடுத்தான்.

பந்தயத்தன்று விடியற்காலையே மழை தூறியது. நாற்பது பேர் இருக்கும். கடற்கரையிலிருந்து காட்டுக்குள் ஏறி, உச்சியைத் தொட்டு, மறுபக்கம் இறங்க வேண்டும். ஏறும்போது சம்பத் முதல் பத்துப் பேருக்குள் இருந்தான். உச்சியைத் தாண்டி ஒரு திருப்பத்தில் முன்னாலும் பின்னாலும் ஆளில்லை. சட்டென்று சரிவில் இறங்கினான். கீழே ஒரு ஓடை. அதைக் கடக்க ஒரு பாறைமேல் கால் வைத்தான். பாறை புரண்டது. இடது கணுக்கால் இரண்டு கற்களுக்கு நடுவே போய் மாட்டிக்கொண்டது.

வலியில் கண் இருட்டியது. அந்தச் சமயம் மேலே பாதையில் காலடிச் சத்தம் கேட்டது. ஒவ்வொருவராக ஓடிப்போனார்கள். ஐசக்கின் இருமல்கூட அவனுக்கு அடையாளம் தெரிந்தது. ஒரு குரல் கொடுத்தால் போதும். கொடுத்தால் ஆம்பூருக்குத் திரும்ப வேண்டும். சம்பத் பல்லைக் கடித்துக்கொண்டு சத்தம் அடங்கும் வரை காத்திருந்தான். பிறகு காலை இழுத்தான். வரவில்லை. கிளையை ஒடித்துப் பாறையைக் கிளப்பப் பார்த்தான். கிளைதான் முறிந்தது. அடியில் இருந்த மணலை விரல்களால் தோண்டினான். நகங்கள் பிய்ந்தன.

மழை வலுத்தது. ஆடுசதை வரை இருந்த தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. தொடையெல்லாம் அட்டைகள். இப்போது தொண்டை கிழியக் கத்தினான். மேலே யாரும் இல்லை. இந்நேரம் கீழே ஆள் கணக்கெடுத்திருப்பார்கள், ஒருவன் குறைகிறான் என்று தெரிந்திருக்கும், நயீம் போய்த் தேட வேண்டாம் என்று சொல்லியிருப்பான். வாக்குத் தவறுகிறவன் இல்லை அவன். தன்னைத் தேடி வரக்கூடிய ஒரே ஆளைத் தானே கட்டிப்போட்டுவிட்டோம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

நேரம் போகப் போகக் கால் மரத்துவிட்டது. அவனுக்குப் பங்கஜத்தின் நினைவு வந்தது. பெரியவர்கள் பேசிய அன்று அவள் சமையற்கட்டில் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். அவளையும் யாரும் கேட்கவில்லை. இத்தனை மாதத்தில் அதை அவன் ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது மேலே யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சம்பத் கத்தினான். நயீம் சரிவில் வழுக்கிக்கொண்டே வந்து சேர்ந்தான். கையில் ஒரு லுங்கியும் சட்டையும் இருந்தன.

"ட்ராயர் பனியனோட எங்கடா போய்டுவேன்னு தோணிச்சு. இத குடுத்துட்டு போய்டலாம்னு தேடினு வந்தேன்" என்றான். பாறையைத் தள்ளிப் பார்த்தான், அசையவில்லை. துணியைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடினான். ஐசக்கையும் காட்டுவேலைக்காரர்கள் இரண்டு பேரையும் கடப்பாறையோடு கூட்டிக்கொண்டு அவன் வருவதற்குள் தண்ணீர் சம்பத்தின் இடுப்பைத் தொட்டிருந்தது. பாறை அசைந்தபோது சம்பத் நினைவிழந்துவிட்டான்.

மாவுக்கட்டோடு ஊர் திரும்பிய மறுநாளே, மாமா இருக்கும்போதே, இந்தக் கல்யாணத்தில் எனக்கு இஷ்டம் இல்லை என்று சொல்லிவிட்டான். கங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

சாயங்காலம் பங்கஜம் சாப்பாட்டுத் தட்டைக் கட்டிலருகே வைத்தாள். இந்தத் தடவை உள்ளே போகவில்லை.

"நானும் மாட்டேன்னு சொல்லணும்னு தான் இருந்தேன்" என்றாள். "சொன்னா என் பொண்ணுங்கள கூட்டினு எங்க போறது? நீங்க வாயத் தொறப்பீங்கன்னு பாத்துனே இருந்தேன்."

"தொறக்கறதுக்குப் பதிலா ஓடிப்போகப் பாத்தேன், அண்ணி" என்றான் சம்பத்.

அவள் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். சோறு ஆறுகிறது என்று மட்டும் சொன்னாள்.

கல்யாணப் பேச்சு அதோடு நின்றுபோனது; மாமா வீட்டார் ஒரு வருஷம் வரவில்லை. கணுக்கால் நேராகக் கூடவில்லை, இனி ஓட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சித்திரையில் சம்பத் நொண்டிக்கொண்டே அதே சுண்ணாம்புத் தொட்டிக்குப் போனான். பங்கஜத்தை நயீம் தன் கம்பெனியில் தையல் பிரிவில் சொல்லிச் சேர்த்துவிட்டான். காலையில் ஒரே தெருவில் இருவரும் வேலைக்குக் கிளம்பினார்கள். ஊர் என்னென்னவோ பேசிப் பார்த்துவிட்டு, பிறகு விட்டுவிட்டது.