அடக்கி வாசித்தவர்

ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மூன்றாவது முறையாகக் கேட்டேன். மூக்குச் சத்தம் இல்லவே இல்லை.

என் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம். கிடாரில் அழுத்தமான இடம் வருவதற்குச் சற்று முன் மூக்கை உறிஞ்சி ஒரு மூச்சு இழுப்பார். பதினோரு வருஷமாக அவர் வாசிக்கிறார், நான் பதிந்து மிக்ஸ் செய்கிறேன். அதில் பாதி வேலை அந்த மூக்கை வெட்டுவதுதான். "என் மூக்குக்கு நீதான்டி எமன்" என்பார். அவர் கையெழுத்தை வேறு யாராவது போட்டால்கூட நான் ஏமாறலாம், அந்த மூச்சில் ஏமாற மாட்டேன்.

சாமான் அறையில் பழைய மெத்தையைச் சுவரில் சாய்த்து, ஜன்னலுக்குக் கம்பளி தொங்கவிட்டு, நாங்களே உண்டாக்கிய ஸ்டூடியோ இது. நான்கு மாதம் முன்பு கார் கதவில் அவருடைய இடதுகைச் சுண்டுவிரல் நசுங்கியது. அதன்பிறகு இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவர், நேற்று நான் ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாக, "நானே வாசிச்சுப் பதிஞ்சு வச்சுட்டேன், கேளு" என்றார். அவரே போட்ட மெட்டு. அவர் பேரில் வெளிவரப்போகும் முதல் இசை. கை திரும்பிவிட்டது என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மடச்சி!

இன்று காலையில்தான் பார்க்கிறேன், மைக் ஸ்டாண்ட் நாலு விரற்கடை இறங்கியிருக்கிறது. சுண்டுவிரல் எட்டிப் பிடிக்கவேண்டிய இடமெல்லாம் அலுங்காமல் விழுந்திருக்கிறது. சத்தத்தை முழுக்க ஏற்றி, ஒவ்வொரு இடைவெளியாக மோப்பம் பிடித்தேன். இரண்டாவது நிமிஷத்தில் ஒரு தந்தி பிசகிய இடம். கூடவே மெல்லிசாக ஒரு "ச்சு".

கொழுந்தன்! அவனும் கிடார் வாசிப்பவன், அண்ணனைவிடக் குள்ளம். தப்பு விழுந்தால் 'ச்சு' கொட்டுகிறவன் அவன்தான். "அவனுக்கு விரல் இருக்கு, காது இல்ல" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தவர் இவர். அந்தப் பேச்சால் அண்ணனும் தம்பியும் இரண்டு வருஷமாக முகம் பார்ப்பதில்லை. அவனைக் கூப்பிட மனசு வந்திருக்கிறது, என்னிடம் சொல்ல வாய் வரவில்லை.

கதவைத் திறந்து தலையை நீட்டினார். "எப்படி வந்திருக்கு?"

"சுத்தமா இருக்கு. உங்க மூக்கக்கூடக் காணோம்."

"இந்தத் தடவ அடக்கி வாசிச்சேன்" என்று சிரித்தார். அப்புறம், "ரெண்டாவது நிமிஷத்துல லேசா ஏதோ சத்தம் இருக்கும். அத மட்டும் வெட்டிடு" என்றார்.

"வெட்டுனா பள்ளம் தெரியும். அந்த எடத்த நீங்க ஒரு தடவ வாசிச்சுக் குடுங்க, ஒட்டிக்கிறேன்."

"இப்பவா?"

"இப்பவேதான்."

என் முகத்தையே பார்த்தார். பிறகு கிடாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மைக் அவருக்குத் தாழ்ந்து கிடந்தது. அவர் அதைத் தொடவில்லை. நானே எழுந்து அவர் உயரத்துக்கு ஏற்றிவிட்டு, பதிவை அழுத்தினேன்.

மூன்று விரல்கள் இடம் பிடித்தன. சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் தந்திக்கு மேலேயே நின்றது. அவர் மூக்கை உறிஞ்சி மூச்சை இழுத்தார். அந்த மூச்சுக்குக் கம்ப்யூட்டர் திரையில் பச்சைக் கோடு ஒருமுறை எழும்பிப் படுத்தது. நான் பதிவை நிறுத்தவில்லை.