கழுவிய கல்

பெட்டிக்குள் கிடந்த கணவரின் சட்டைக் கழுத்தை அவள் நேராக்கிக்கொண்டிருந்தபோது, குழிவெட்டுகிறவர் வாசலில் வந்து நின்றார். வேலை முடிந்ததா என்று அவள் கேட்டாள். அவர் கண் போதகரைத் தேடியது. போதகர் இந்தச் சபைக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. எதைக் கேட்டாலும் சரித்திரக்காரரைக் கேளுங்கள் என்பார். சரித்திரக்காரர்தான் பெட்டிக்குள் கிடந்தாரே.

கடற்கரையில் அவருக்கு அதுதான் பெயர். ஆண்டுவிழா தவறாமல் எழுந்து நின்று மெதடிஸ்ட் சபையின் கதையைச் சொல்வார். மீன்பிடிக்காரர்கள் உடைந்த கப்பலின் பலகையால் கட்டிய முதல் ஆலயம், அதைக் கடல் கொண்டுபோனது, எழுத்தறியாதவர்கள் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்தது. ஒருவர் பெயரையும் விடமாட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான், அவளுக்கும்.

இந்தச் சபையில் ஒரு குடும்பத்துக்கு ஒரே குழி. முன்னால் போனவருக்கு மேல் அடுத்தவரை இறக்குவார்கள். அவர்கள் குழியில் சின்ன வயதிலேயே காய்ச்சலில் போன மகன் இருந்தான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும், உப்புக்காற்றில் எழுத்து மங்கிவிடாமல் அவள் அந்தக் கல்லைத் தண்ணீர் ஊற்றித் துடைப்பாள். அவர் பின்னால் குடை பிடித்து நிற்பார். என்றைக்காவது மூன்று பேரும் அங்கே ஒன்றாகிவிடுவோம் என்ற ஒரே நினைப்பில்தான் அவள் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

குழிவெட்டுகிறவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"உள்ள ஒண்ணும் இல்லம்மா. ஆழமாத்தான் தோண்டினேன். பழைய பெட்டியோட ஆணிகூட இல்ல."

போதகர் விழித்தார். பாட்டுக்குழுக் கிழவர்கள் தரையைப் பார்த்தார்கள். நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாத்தனார்தான் மென்று விழுங்கிச் சொன்னாள். கடல் மதிலை அரித்த வருடம், முன்வரிசைக் கல்லறைகளை மேட்டுக்கு மாற்றுவதென்று சபை கூடி முடிவெடுத்தது. இவள் அப்போது தங்கையின் பிரசவத்துக்குத் துணையாகப் போயிருந்தாள். எல்லோரும் ஆள் வைத்துச் செய்தார்கள். அவர் மட்டும் யாரையும் பக்கத்தில் விடாமல், பிள்ளையின் எலும்புகளைத் தன் கையாலேயே துணியில் சுற்றித் தனியாக மேட்டுக்குக் கொண்டுபோனார். மற்றவர்கள் கல்லையும் எடுத்துப்போனார்கள். அவர் இவளுக்காகக் கல்லைக் கீழேயே விட்டுவிட்டு, யாரும் வாய் திறக்கக்கூடாது என்று சபையையே கேட்டுக்கொண்டார். பிறகு கரையில் கருங்கல் கொட்டினார்கள், கடலும் அதோடு நின்றுகொண்டது.

"உங்களால தாங்க முடியாதுன்னு சொன்னாரு அண்ணி."

"தாங்குவேனா மாட்டேனான்னு என்கிட்ட ஒரு வார்த்த கேட்டாரா?"

இத்தனை காலம் வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். ஊரே ஆலய வாசலில் நின்று பார்த்திருக்கிறது. அவர் குடை வேறு பிடித்திருக்கிறார். அழுகை வரவில்லை, உடம்பெல்லாம் எரிந்தது.

மேட்டில் பிள்ளைக்குப் பக்கத்திலேயே வெட்டச் சொல்லட்டுமா என்று போதகர் மெல்லக் கேட்டார்.

"வேண்டாம். அவரைக் கீழயே வைங்க. நான் போறப்போ என்னை மேட்டுல வைங்க, எம்புள்ளகிட்ட."

பழைய குழியிலேயே அவரை இறக்கினார்கள். அடக்கத்தில் எல்லோரும் பாடினார்கள். மனப்பாடமான பாட்டுதான், அவள் வாய் திறக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் வழக்கமான வாளியில் தண்ணீர் எடுத்து, துடைக்கும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுக்கு நடந்தாள். நாத்தனார் பின்னாலேயே வந்தாள். மேலே இடம் மாறி வந்த கல்லறைகள் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு அப்பால் கல் வைக்க வசதியில்லாதவர்களின் புல் மண்டிய மண்குவியல்கள், எல்லாம் ஒன்றுபோல.

"எது?" என்றாள்.

நாத்தனார் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை பார்த்தாள்.

"அண்ணனுக்குத்தான் தெரியும், அண்ணி."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். எங்கே ஊற்றுவது என்று தெரியாமல், தண்ணீர் ஆடி அடங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.