மதிலுக்கு மேலே தெரிந்த பூவரசு

கதை எழுதும் தகுதி எனக்கு உண்டென்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை. என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் ஊரில் பலர் இருக்க, நான் பேனாவைத் தொட்டமைக்காக முதலில் வாசகர்களிடமும், பின்னர் இக்கதையில் வருவோரிடமும் பணிவுடன் மன்னிப்புக் கோருகிறேன். எவருடைய மனத்தையும் நோகச்செய்வது என் நோக்கமன்று. சொல்லாமலே இருந்துவிடலாம் என்று ஒரு மாரி முழுவதும் பொறுத்துப் பார்த்தேன், இயலவில்லை.

கொட்டியாரக் குடாவின் ஓரத்தில், மூதூருக்குப் போகும் வழியில், தோணாமுனை என்றொரு சிற்றூர். அவ்வூர்ப் பள்ளிவாசலின் அடக்கத்தலமான மையவாடி, பஸ் போகும் வீதிக்கும் கடலுக்கும் நடுவே கிடந்தது. நான்கு பக்கமும் மதில். அவ்வூரில் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த உம்மாவுக்கும் கபுறுக்குழி இருக்கும் இடம் ஆண்களின் வாய்வழியாகத்தான் தெரியவரும்.

ஸாலிஹாவின் மகள் றிஷானா ஒன்பது வயதில் டெங்குக் காய்ச்சலில் மௌத்தானாள். அடக்கிவிட்டு வந்த தம்பி அன்ஸார், வாசலில் நின்றபடியே, "கிழக்கு மூலையில ராத்தா, கடல் பக்கம். தலைமாட்டில ஒரு பூவரசங் கம்பு நட்டிருக்கம்" என்றார். ஸாலிஹாவுக்குக் கிடைத்தது அந்த ஒரு வசனம்தான்.

ஆனால் கம்பு தளிர்த்தது. பூவரசுக்கு எவரும் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. உவர் மண்ணில் குத்திவிட்டாலும் கோபித்துக்கொண்டாவது வளர்ந்துவிடும். சில ஆண்டுகளில் அது மதிலுக்கு மேலே தலை காட்டியது. அன்றிலிருந்து ஸாலிஹாவுக்குப் பார்ப்பதற்கு ஓர் இடம் கிடைத்தது. மூதூர்ச் சந்தைக்குப் போகும் பஸ்ஸில் கடல் பக்கத்து ஆசனம் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். மையவாடியைக் கடக்கும்போது ஸலாம் சொல்லி, துஆ ஓதி, மரத்தைப் பார்ப்பார். காலையில் போகும்போது பூக்கள் மஞ்சளாக இருக்கும். பின்னேரம் திரும்பும்போது சிவந்திருக்கும். பிள்ளை பள்ளிக்கூடம் போய் வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்வார். இதை அவர் எவரிடமும் சொன்னதில்லை.

இக்கதை நடந்ததற்கு முந்திய மாரியில் கடல் அரித்து, கடற்பக்கத்து மதில் சரிந்தது. அதற்குப் பிறகு மரத்தின் தலை ஒரு பக்கமாகப் போவதை ஸாலிஹா பஸ்ஸிலிருந்தே கண்டுகொண்டார். ஒவ்வொரு மாதமும் இன்னும் கொஞ்சம், கடல் இருக்கும் பக்கம் பார்த்து.

"அது காலநிலை மாற்றம் ராத்தா" என்றார் அன்ஸார். "உலகம் முழுக்க இப்ப இதுதான் கதை."

"உலகம் முழுக்க இருந்திட்டுப் போகட்டும். நம்மட மூலைக்கு என்ன செய்யிற?"

அன்ஸாரைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும். தபாற் கந்தோரில் எழுதுநராக இருந்து ஓய்வு பெற்றவர். நலன்புரிச் சங்கத்தின் செயலாளர். வெள்ளம் வந்தால் தோளில் அரிசி மூட்டையுடன் முதல் ஆளாக நிற்பவர். அவருடைய நல்ல மனத்தில் எவருக்கும் ஐயமில்லை. ஒலிவாங்கி ஒன்று கையில் கிடைத்துவிட்டால் மாத்திரம் ஆள் மாறிவிடுவார்.

மாரிக்கு முன்னர் பாடசாலை மண்டபத்தில் ஒரு கூட்டம் நடக்கப்போவதாக ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். "காலநிலை மாற்றமும் கரையோர மக்களும்: மக்கள் கேள்வி மன்றம்" என்பது அதன் பெயர். எவரும் எதையும் கேட்கலாம் என்றார்கள். அன்று ஸாலிஹா அன்ஸாரைக் குசினிக்குள் கூப்பிட்டு, பிளேன்டீயை முன்னே வைத்துவிட்டு, தம் கேள்வியைச் சொன்னார்.

"மழைக்கு முந்தி கிழக்கு மூலையில கல்லுப் போடுவீங்களா, இல்லையா? இவ்வளவுதான். எங்க, சொல்லு பாப்பம்."

"மழைக்கு முந்தி கிழக்கு மூலையில கல்லுப் போடுவீங்களா, இல்லையா" என்று அன்ஸார் பிள்ளையைப் போல ஒப்புவித்தார். "ஓம் ராத்தா, விளங்கிட்டு. நான் கேக்கிறன்."

கூட்டத்தன்று பெண்கள் மண்டபத்தின் பின்பகுதியில், திரைக்கு இப்பால் இருந்தார்கள். பெண்களும் கேட்கலாம் என்றுதான் அறிவிப்பு. ஆனால் ஒலிவாங்கியின் வயர் திரைவரைக்கும் எட்டவில்லை. மேடையில் பள்ளிவாசல் தலைவர் ஸைனுலாப்தீன் மரைக்காரும், நகரத்திலிருந்து வந்திருந்த காலநிலைத் திட்ட ஆலோசகர் அருளம்பலமும் அமர்ந்திருந்தார்கள். அருளம்பலம் கடிந்து ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனிதர். வந்தவுடன் மையவாடிப் பக்கம் போய்ச் சாய்ந்த பூவரசைப் படம் பிடித்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டபோது, ஸாலிஹாவுக்கு நெஞ்சில் பால் வார்த்தாற்போல் இருந்தது.

முதற் கேள்விக்கு அன்ஸார் எழுந்தார். தொண்டையைச் செருமினார். ஸாலிஹா திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, மாண்புமிகு ஆலோசகர் அவர்களே! பூகோள வெப்பமாதலுக்கு அணுவளவும் பங்களிக்காத எம்போன்ற தீவு நாடொன்றின் கரையோரச் சமூகங்களது மரபுரிமைகளைப் பாதுகாக்கும் விடயத்தில், வளர்ச்சியடைந்த நாடுகளின் தார்மீகப் பொறுப்பு யாது?"

கைதட்டல் எழுந்தது. திரைக்குப் பின்னால் அயல்வீட்டு ஹுஸ்னியா குனிந்து, "உன்ட கேள்வி எங்க புள்ள?" என்றார்.

"அதுக்குள்ள எங்கயும் இரிக்கும்."

"இல்ல. அது இலங்கையத் தாண்டிப் போயிட்டு. இனி பாஸ்போட் எடுத்துத்தான் பிடிக்கணும்."

அருளம்பலம் விளக்கினார். மேடையின் வெண்திரையில் வரைபுகள் ஏறின. உடைந்த பனிப்பாறையில் ஒரு வெள்ளைக் கரடி நின்றது. கடல் மட்டம் உயர்வதும், மழை தன் காலத்தைத் தவறவிடுவதும், புயல்கள் முன்னரைவிட வெறிகொண்டு வருவதும் உண்மை என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் கிழக்கு மூலை அதில் வரவில்லை.

படகுக்காரன் ஸஜ்ஜாத் பொறுக்கமாட்டாமல் எழும்பினான். "சேர், கரடிய விடுங்க. ஆத்து வாயில இரவு பகலா மண் அள்ளுறாங்களே, அதுக்கு என்ன பேர்? ஆறு கொண்டு வாற மண்தான் நம்மட கரை. அத லொறியில ஏத்தி வித்தா, கடல் உள்ளுக்கு வராம விருந்துக்கா வரும்?"

"டிப்பர் ஓடுறவனுக்கும் புள்ள குட்டி இரிக்குடா!" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் பாய்ந்தது. "கடல் ஏறுதெண்டு உலகமே சொல்லுது. இவர் பெரிய விஞ்ஞானி!"

"கடல் ஏறுது, ஆரு இல்லையெண்ட? ஏறுற கடலுக்கு நீங்க ஏணி வெச்சுக் குடுக்கிறீங்க எண்டுதான் சொல்றன்."

"உன்ட வலைக்கு மீன் படாட்டியும் எங்கட டிப்பர்தான் காரணமா?"

"ஓம், அதுவுந்தான்!"

மண்டபம் இரண்டாகப் பிரிந்தது. காலநிலை என்போர் ஒரு பக்கம், மண் என்போர் மறுபக்கம். படைத்தவன் நாட்டம் என்று ஒருவர் சொல்ல, அதைச் சொல்லிக்கொண்டு சோம்பியிருக்க மார்க்கம் சொல்லவில்லை என்று பள்ளிவாசல் மௌலவி திருத்தினார். இரண்டு காரணங்களும் கலந்திருக்கலாம், எது எவ்வளவு என்பதை ஆராய வேண்டும் என்று அருளம்பலம் இரு தரப்பையும் கும்பிடாக் குறையாக அமர்த்தப் பார்த்தார். ஒருவரும் அமரவில்லை.

ஸாலிஹா ஆளனுப்பி அன்ஸாரைத் திரையடிக்குக் கூப்பிட்டார்.

"கேட்டாச்சே ராத்தா! கைதட்டினாங்களே, கேக்கல்லையா?"

"நீ கேட்டது வெள்ளைக்காரன்ட கேள்வி. என்ட கேள்வியக் கேளு."

"வெறுமனே கல்லு எண்டு கேட்டா மதிக்கமாட்டாங்க. கேள்விக்கு ஒரு கனம் வேணும்."

"கல்லுக்கு இல்லாத கனமா தம்பி?"

அன்ஸார் போனார், மறுபடி எழுந்தார், இம்முறை சர்வதேச உடன்படிக்கைகளைப் பற்றிக் கேட்டார்.

அப்போதுதான் ஸாலிஹா எழுந்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, திரையை விலக்கி, ஆண்களின் கதிரைகளுக்கு நடுவே இருந்த வழியில் வந்து நின்றார். ஒலிவாங்கியை அவர் கேட்கவில்லை. சத்தம் தானாக அடங்கிற்று.

"சேர், மையவாடிட கிழக்கு மூலையில மழைக்கு முந்தி கல்லுப் போடுவீங்களா, இல்லையா? அங்க என்ட புள்ள இரிக்கு."

அருளம்பலம் ஆசனத்தை விட்டு எழுந்தார். "அம்மா, இன்றைக்குக் கேட்கப்பட்டவற்றில் மிகச் சிறந்த கேள்வி இதுதான்" என்றார். பிற்காலத்தில் ஸாலிஹாவுக்கு மிகவும் வெறுத்துப்போன வசனம் அது. "ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. அரிப்புக்குக் காலநிலைதான் காரணம் என்று நாங்கள் நடத்தும் ஆய்வு சொன்னால், எங்கள் திட்டத்தில் சேர்க்கலாம். மண் அகழ்வுதான் காரணமென்றால், அது வேறோர் அலுவலகத்தின் பொறுப்பு."

"எதால எண்டாலும் போடுறது ஒரே கல்லுதானே, சேர்?"

மண்டபம் சிரித்தது. அருளம்பலமும் சிரித்தார். ஸாலிஹா சிரிக்கவில்லை.

"ஆய்வு எப்ப முடியும்?"

"அடுத்த ஆண்டின் நடுப்பகுதியில், அம்மா."

"மழை கார்த்திகையில வருமே."

"அதையும் நான் கவனத்தில் எடுக்கிறேன்."

ஸாலிஹா மரைக்காரின் பக்கம் திரும்பினார். "நாங்களே போட்டா என்ன?"

"அனுமதி இல்லாம கரையில கல்லுப் போட ஏலாது மகள். போன வருஷம் மண் மூட்டை அடுக்கினதுக்கே விளக்கம் கேட்டாங்க."

"அப்ப கபுற மாத்த ஏலாதா?"

மரைக்கார் மௌலவியைப் பார்த்தார். தேவை வந்தால் மார்க்கத்தில் அதற்கு இடமுண்டு என்று மௌலவி மெதுவாகச் சொன்னார். "தேவை வந்திட்டா, இல்லையா எண்டத நிருவாகம்தான் தீர்மானிக்கணும், தாயே." நிருவாகமோ ஆய்வின் முடிவைப் பார்க்கலாம் என்றது.

"தேவை எப்ப வரும்?" என்று ஸாலிஹா கேட்டார்.

அதற்குள் சாப்பாட்டுப் பார்சல்கள் வந்திறங்கிவிட்டன. நன்றியுரையை அன்ஸார் நிகழ்த்தினார்.

மழை சொன்னபடி கார்த்திகையில் வந்தது. அதனுடன் ஒரு புயலும் வந்தது. வீதி வெள்ளத்தில் மூழ்கி, பஸ் நின்று, மின்சாரமும் போயிருந்த நாட்களில் ஸாலிஹா குசினி யன்னலருகே நின்று, இங்கிருந்து தெரியாத ஒரு மரத்தின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வானம் வெளுத்த காலையில் அன்ஸார் வந்தார். சாரம் முழங்காலுக்கு மேல் சேறாக இருந்தது. ஸாலிஹா கதிரையை இழுத்துப் போட்டார், அன்ஸார் இருக்கவில்லை.

"ராத்தா, மரம் போயிட்டு."

ஸாலிஹா அடுப்பை அணைத்தார்.

"கிடைச்சதெல்லாத்தையும் சேத்து, மேட்டுப் பக்கம் ஒரே கபுறில அடக்கியிருக்கம். ஆருட எண்டு பிரிக்க ஏலாமப் போச்சு."

"றிஷானா அதில இரிக்காவா?"

"தெரியா ராத்தா."

அன்ஸார் தம் வாழ்நாளில் அதைவிடச் சிறிதாக ஒரு பதில் சொன்னதை எவரும் கேட்டதில்லை. பிறகு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஸாலிஹா அவருக்குத் துவாய் எடுத்துக் கொடுத்தார்.

பஸ் ஓடத் தொடங்கிய அன்று ஸாலிஹா வழக்கமான ஆசனத்தில் அமர்ந்தார். வீதியோர மதிலும் ஓரிடத்தில் விழுந்திருந்தது. அந்த இடைவெளியால், வாழ்க்கையில் முதன்முறையாக, மையவாடியின் உட்புறத்தைக் கண்டார். கிழக்கு மூலை இருந்த இடத்தில் கலங்கிய தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஸலாத்தை எந்தப் பக்கம் பார்த்துச் சொல்வதென்று தெரியாமல், மடியிலிருந்த பையைப் பார்த்துச் சொன்னார்.

பங்குனியில் இரண்டாவது கேள்வி மன்றம் கூடியது. பாடசாலை வாசலில் கட்டியிருந்த பெரிய பதாகையில் சாய்ந்த பூவரசின் படம் இருந்தது. பூக்கள் கூடத் தெளிவாகத் தெரிந்தன. அதன் கீழே "காலநிலை மாற்றத்தின் சாட்சி" என்று அச்சிட்டிருந்தார்கள். ஸஜ்ஜாத்தும் டிப்பர்காரர்களும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். அளக்க வேண்டிய கரை இப்போது இல்லாமையால், ஆய்வின் எல்லையை மாற்றி வரைய வேண்டியிருக்கிறது என்றும், அதனால் முடிவு சற்றுத் தாமதமாகும் என்றும் அருளம்பலம் மிகுந்த மனவருத்தத்துடன் தெரிவித்தார். அந்த வருத்தமும் பொய்யன்று.

அன்ஸார் இம்முறை கடைசி வரிசையில் வாய் திறவாமல் இருந்தார். ஸாலிஹாவுக்கு முன்வரிசையில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஒலிவாங்கிக்கு நீளமான வயர் வாங்கியிருந்தார்கள். அது அவருடைய கைவரைக்கும் வந்தது.

"அம்மா, போன முறை மிகச் சிறந்த கேள்வி கேட்டவர் நீங்கள்" என்றார் அருளம்பலம். "இன்றைக்கு என்ன கேட்கப்போகிறீர்கள்?"

ஸாலிஹா ஒலிவாங்கியை வாங்கினார்.

"இப்ப எனக்குக் கேக்கிறதுக்கு ஒண்டுமில்ல, சேர்" என்று சொல்லிவிட்டு, அதை அடுத்தவரிடம் கொடுத்தார்.

அந்த மாரியில் தோணாமுனை மையவாடி இழந்தவை: கிழக்குப் பக்கத்து நிலம், மதில் நின்ற இடம் உட்பட. வீதியோர மதிலில் ஒரு துண்டு. கபுறுகள் முப்பத்தொன்று. அவற்றுள் பெயர் தெரிந்தவை இருபத்திரண்டு, பிள்ளைகளுடையவை எட்டு. அவற்றின் தலைமாட்டு அடையாளமான மீசான் கட்டைகள் அனைத்தும். பூவரசு ஒன்று.