இடப்பக்க ஸ்பீக்கர்

நான்கு நாட்களாக றயன் அந்த அறையை விட்டு வெளியே வந்ததே சாப்பாட்டுக்கும் குளிப்புக்கும் மட்டும்தான். வட்டுக்கோட்டையில் தேவாலயக் கீர்த்தனைகளையும் கலியாண வீட்டுப் பாட்டுகளையும் பதிவு செய்து, கொம்பியூட்டரில் ஒலி சேர்த்துக் கொடுக்கிற தொழில் அவனுக்கு. பாட்டுக்கு இரண்டு ஸ்பீக்கர் போதும், அது ஸ்டீரியோ. இப்போது யாரோ குறும்படம் எடுத்துவிட்டு சரவுண்ட் ஒலி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதற்கு முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, மூலையில் ஒரு பேஸ் பெட்டி. ஒரே கொம்பியூட்டர் இரண்டுக்கும் மாறி மாறி இசைய வேண்டும். இசைந்தால்தானே!

“எல்லாம் வலப்பக்கத்தாலதான் வருது நிமலினி. செற்றிங்கை அழிச்சு அழிச்சுப் போட்டுப் பாத்திட்டன், வயரையும் மாத்திட்டன். இந்தச் சனியன் என்னைக் கொல்லப்போகுது.”

நிமலினி அவன் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். சனிக்கிழமையாவது நிம்மதியாகச் சமைக்கலாம் என்று பார்த்தால், இதற்கும் அவள்தான் வரவேண்டியிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு கொம்பியூட்டருக்கு முன்னால் போய் இருந்தாள். றயன் அறையின் நடுவில் கதிரையைப் போட்டுக்கொண்டான். திரையில் ஓர் அறையின் படம், அதற்குள் ஐந்து ஸ்பீக்கர். எதை அமத்துகிறோமோ அது மட்டும் ஒலிக்கும்.

“முன்னுக்கு இடப்பக்கத்தை அமத்தும்.”

அமத்தினாள். இடப்பக்க ஸ்பீக்கரில் டிங் என்று கணீரெனக் கேட்டது.

“பாத்தீரே? வலப்பக்கத்தால வருது. அதுவும் சாகப்போற மாதிரி.”

“இல்லையப்பா, இடப்பக்கத்தாலதான் வருது. நல்லாக் கேக்குது.”

“விசர்க்கதை கதையாதையும். இருபது வருசமா இந்தக் காதாலதான் நான் சாப்பிடுறன்.”

அது உண்மை. கோயிலில் முப்பது பேர் பாடும்போது ஒருவர் சுதி விலகினாலும் ஆளைக் காட்டுவான்.

பின் ஸ்பீக்கர்களைப் பார்க்கவேண்டும் என்று றயன் கதிரையோடு முழுதாகத் திரும்பி, அவளுக்கு முதுகைக் காட்டி இருந்தான். அவள் கை தவறி முந்தைய ஸ்பீக்கரையே திரும்பவும் அமத்திவிட்டாள்.

“ஆ! இப்ப சரி!” றயன் துள்ளினான். “என்ன செய்தனீர்? இப்ப நல்லாக் கேக்குது!”

அவள் ஒன்றுமே செய்யவில்லை. வயர் அப்படியே, செற்றிங் அப்படியே, ஸ்பீக்கரும் அதே இடத்தில். திரும்பினது மனுசன் மட்டும்தான். திரும்பினதால் இடப்பக்க ஸ்பீக்கர் இப்போது அவனுடைய வலது காதுப் பக்கம். அந்தக் கணக்கு அவளுக்கு விளங்கியது.

எழுந்து அடிமேல் அடிவைத்துப் போய் அவனுடைய இடது காதடியில் நின்றாள். “தேத்தண்ணி குடிக்கிறியளே?” என்று மெல்லக் கேட்டாள். அவன் சுவரைப் பார்த்தபடி இருந்தான். இன்னொரு தரம் கேட்டாள். அசையவில்லை. வலப்பக்கம் சுற்றி வந்து அதே குரலில் கேட்டாள்.

“ஓம், சீனி குறைச்சுப் போடும்,” என்றான்.

என்ரை யேசுவே!

“ஸ்பீக்கர் பிழையில்லையப்பா,” என்றாள். “உங்கடை இடது காது...”

அவன் பாய்ந்து விழுந்தான். கத்தினான். பிறகு ஹெட்ஃபோனை எடுத்து மாட்டி, கொம்பியூட்டரை ஸ்டீரியோவுக்கு மாற்றி, இடப்பக்கத்தை மட்டும் போட்டான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஹெட்ஃபோனை மறுபுறம் திருப்பி மாட்டினான். வலது காதில் கணீரெனக் கேட்டது. அப்போதுதான் முகம் வெளிறியது. ஹெட்ஃபோனிலும் பிழையில்லை.

“புதன்கிழமை எழும்பேக்கையே அடைச்ச மாதிரித்தான் இருந்தது,” என்றான். “கிணத்தடியில குளிக்கேக்கை காதுக்குள்ள தண்ணி போட்டுது எண்டு நினைச்சன். நிமலினி, எனக்குப் பயமா இருக்கு.”

அவளுக்கு அதைவிடப் பயம். காட்டிக்கொள்ளாமல் ஓட்டோவுக்குப் போன் அடித்தாள்.

யாழ்ப்பாணத்தில் காது வைத்தியர் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். குறும்பி அழுக்கும் இல்லை, தண்ணீரும் இல்லை. நரம்பில் வந்த பிழை என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். “இந்தக் குளிசையை ஒழுங்காப் போடுங்கோ. ஏழு நாளில தெளிவு தெரியாட்டி உடனை வாங்கோ, காதுக்குள்ள ஊசி போடவேணும். பிந்தினால் பிறகு என்னாலயும் ஒண்டும் செய்யேலாது.”

காதுக்குள் ஊசி என்றதும் றயன் நிமலினியின் கையை நசுக்கிப் பிடித்தான். பெரிய மனுசன், சின்னப்பிள்ளை மாதிரி.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எதிரிக்கும் வரக்கூடாது. விடிந்ததும் விடியாததுமாய், “இண்டைக்குக் கொஞ்சம் பரவாயில்லை” என்பான். அவளும் ஓம் ஓம் என்பாள். ஆனால் மேசையில் இடப்பக்கம் இருந்து அவள் கதைத்தால் அவன் சோற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். குறும்படக்காரர் போன் எடுத்தால் அடுத்த கிழமை என்று சொல்லி வைத்துவிடுவான். அவள் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஏழாம் நாள் காலை, வைத்தியரிடம் போகச் சட்டை போடச் சொன்னால் மாட்டேன் என்றான். “எனக்குக் கேக்குது. ஊசி தேவையில்லை.”

“அப்ப சோதிச்சுப் பாப்பம்,” என்றாள் நிமலினி.

அவனைக் கதிரையில் இருத்தி, ஹெட்ஃபோனை மாட்டி, கண்ணை மூடச் சொன்னாள். இடப்பக்கம் மட்டும் ஒலிக்கும், கேட்டால் கையை உயர்த்தவேண்டும் என்று பேச்சு. போய்க் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தாள். மவுஸில் விரலை வைத்தாள். அமத்தினால் தெரிந்துவிடும். அமத்தாமல் இருக்கும் வரைக்கும் அந்தக் காது செத்ததாகவும் இல்லை. அவள் திரையைப் பார்த்தபடியே இருந்தாள்.

றயனின் கை மெல்ல உயர்ந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு.

“கேட்டுது!” என்றான் கண்ணைத் திறக்காமலே. “நான் சொன்னனான் எல்லே?”

நிமலினி ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், இன்றைக்கு வீட்டில் சந்தோசம். எழுந்து போய் அவனுடைய வலது காதிலிருந்து ஹெட்ஃபோனை விலக்கினாள்.

“நான் இன்னும் அமத்தேல்லையப்பா.”

அவன் கண்ணைத் திறந்தான். உயர்த்திய கையை இறக்க மறந்து அவளையே பார்த்தான். அவள் அந்தக் கையைப் பிடித்து, இழுத்து, அவனை எழுப்பினாள்.

“வெளிக்கிடுங்கோ,” என்றாள். “நானும் வாறன்.”