ஊசிக்கு முன்

நர்ஸ் கொண்டுவந்த ஊசியை அவர் கையாலேயே தள்ளிவிட்டார். அந்த வலு எங்கிருந்து வந்ததென்று மனைவிக்குப் புரியவில்லை. காலையில் தண்ணீர் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாத கை அது.

“இப்ப வேணாம். போட்டா தூங்கிடுவேன்.”

“தூங்கறதுக்குத்தாங்க போடறாங்க. வலி தாங்காம பல்லைக் கடிக்கிறீங்களே.”

“வாலு திரும்பக் கூப்பிடுவா. பேசிட்டுப் போட்டுக்கறேன்.”

வாலு அவருடைய பழைய மாணவி. வகுப்பில் கேள்வி கேட்டே உயிரை வாங்குகிறாள் என்று அவர் வைத்த பெயர். இப்போது வானிலை மையத்தில் வேலை. புயல் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. முகத்துவாரத்துக் குடியிருப்புக்குள் கடல் புகுமா என்று கணிக்கும் நிரல், பழைய கணினியில் புகும் என்றது. புதிதாக வாங்கிய கணினியில் புகாது என்றது. இரண்டும் ஒரே பதிலைச் சொல்லாமல் ஜனங்களை வெளியேற்ற உத்தரவு போட முடியாது என்று மேலதிகாரி அடம்பிடித்தார். அந்த நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் இவர் எழுதியது. அதன் உள்ளே நடப்பது இவருக்குத்தான் தெரியும்.

ஆயுளில் பாதியை அதற்குக் கொடுத்திருந்தார். லட்சக்கணக்கான எண்களை ஒவ்வொன்றாகத் தொடாமல், மொத்த வரிசையையும் ஒரே பொருளாக நினைத்து, என்ன வேண்டுமோ அதை மட்டும் எழுதினால் போதும். எப்படிச் செய்வதென்று கம்பைலர் பார்த்துக்கொள்ளும். மனைவிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கல்லூரியில் ‘வரிசை வாத்தியார்’ என்று கிண்டல் செய்வார்கள். இந்த ஆராய்ச்சியால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று கல்லூரிக் குழு வருஷம் தவறாமல் கேட்கும். அன்று மட்டும் வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பார்.

“பேச வேண்டியதை இன்னைக்கே பேசிடுங்கம்மா” என்று காலையில் டாக்டர் அவளைத் தனியே அழைத்துச் சொல்லியிருந்தார். மகள் விமானத்தில் இருந்தாள். பேச மனைவி மட்டுமே இருந்தாள். எங்கே தொடங்குவதென்று அவள் தவித்துக்கொண்டிருந்தபோதுதான் வாலுவின் முதல் அழைப்பு வந்தது.

இப்போது மறுபடி மணி அடித்தது. அவளே எடுத்தாள்.

“அம்மா, சார்கிட்ட ஒரு நிமிஷம்...”

“அவரு போயிட்டிருக்காரும்மா. உனக்குத் தெரியுதா?”

“தெரியும்மா. அந்தக் குடியிருப்புல குழந்தைங்கல்லாம் இருக்குங்கம்மா. வேற யாரைக் கேக்கறதுன்னு தெரியலை.”

அவர் கையை நீட்டினார். அவள் போனை அவர் காதோடு சேர்த்துப் பிடித்தாள். அவர் நெற்றியில் வேர்வை வழிந்தது.

“தப்பு எங்க வருது? ஓரத்துலயா, நடுவுலயா?”

“ஓரத்துல சார். கரையை ஒட்டி.”

கண்ணை மூடிக்கொண்டார். வலி வந்து போகும்வரை அவளும் மூச்சைப் பிடித்திருந்தாள்.

“பழைய வரிசை இன்னும் தேவைப்படுது. அதுக்குள்ள கம்பைலர் அதே இடத்துல புதுசை எழுதிடுது. இடத்தை மிச்சப்படுத்தறேன்னு நான் வச்சதுதான். அதை நிறுத்திட்டு ஓட விடு.”

“ரொம்ப மெதுவா ஓடுமே சார்.”

“ஓடட்டும். நான் இருக்கேன்.”

அது ஓடி முடியும்வரை ஊசி தட்டிலேயே கிடந்தது. கட்டில் கம்பியை அவர் இறுக்கிய இறுக்கில் விரல்கள் வெளுத்தன. “போட்டுக்கோங்க, உங்க கால்ல விழறேன்” என்று அவள் கெஞ்சினாள். அவர் தலையை மட்டும் அசைத்தார். ஒருமுறை வலியில் அலறினார். எதிர்க் கட்டிலில் இருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளுக்கு அந்தப் போனைச் சுவரில் அடிக்க வேண்டும்போல இருந்தது.

மணி அடித்தது.

“ரெண்டும் ஒண்ணு சொல்லுது சார். உள்ள வருது. கழுத்தளவு வருது.” வாலு அழுதாள். “உத்தரவு போட்டாச்சு.”

“அழாத. வேலையைப் பாரு.”

நர்ஸ் ஊசியைப் போட்டாள். அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். இப்போதுதான் அவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“உன்கிட்ட...” என்றார்.

“சொல்லுங்க.” அவள் குனிந்தாள். “என்னங்க... சொல்லுங்க.”

மருந்து அவரை இழுத்துக்கொண்டது. அவள் காதை அவர் வாயருகே வைத்தபடியே இருந்தாள். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. பிறகு வரவில்லை. அதற்குப் பின்னும் அவள் நிமிரவில்லை. நர்ஸ்தான் தோளைத் தொட்டுத் தூக்கினாள்.

வீட்டுக்குக் கொண்டுபோகும் வண்டி பாலத்தருகே நின்றுவிட்டது. எதிரே பேருந்துகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. மூட்டைகள், போர்வையில் சுற்றிய டிவி, ஜன்னல்கள் நிறைய முகங்கள். காற்றில் வண்டி ஆடியது.

“முகத்துவாரத்தைக் காலி பண்றாங்களாம்” என்று டிரைவர் சலித்துக்கொண்டார். “இந்த வானிலைக்காரனுங்க சொல்லி என்னைக்கு நடந்திருக்கு? போலீஸ்கிட்ட சொல்லி நம்மளை முதல்ல விடச் சொல்லட்டுமாம்மா?”

“வேணாம்ப்பா. அவங்க போகட்டும்.”

டிரைவர் எஞ்சினை அணைத்தார். காற்று மறுபடி வண்டியை உலுக்கியது. அவள் ஸ்ட்ரெச்சர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, அவர் உருண்டுவிடாமல், துணியோடு சேர்த்துக் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள்.