காலையில் முரண்டு பிடித்த வண்டி

வண்டி தையல்காரியிடம் மட்டும்தான் முரண்டு பிடித்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

கணவர் முப்பது வருடம் வாடகைக் கார் ஓட்டியவர். கண்ணில் விழித்திரை கெட்டு, இனி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டபின், ஐம்பத்திரண்டு வயதில் அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஓட்டுவதில் குறையில்லை, காலையில் கிளப்புவதில்தான் வினை. சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். பத்துப் பன்னிரண்டு நொடி கழித்தே இன்ஜின் மனமிரங்கும். பேட்டரி மாற்றியாயிற்று, பிளக் மாற்றியாயிற்று. "என் கைல ஒருநாளும் இப்படிப் பண்ணலையே" என்று கணவர் சொல்லும்போதெல்லாம் அவளுக்குக் கூசிப்போகும். ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்து வண்டியை விற்க எடுத்துப்போவதாகப் பேச்சு. அப்புறம் மாதாமாதம் கண் ஊசிக்குப் போக யார் வாசலிலாவது கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை, கடைசி முயற்சியாக மெக்கானிக்கை வரவழைத்தாள். அவனுக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர். ஸ்பேனரைத் தொடுமுன் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்ப்பான், அதனால்.

அவசரம் பெட்ரோல் குழாயில் ஒரு பிரஷர் மீட்டரை மாட்டினான். முள் பூஜ்யத்தில் கிடந்தது.

"அக்கா, சாவிய ஆன் மட்டும் பண்ணுங்க. ஸ்டார்ட் வேணாம்."

பின்னால் டாங்குக்குள் பம்ப் இரண்டு நொடி முனகி அடங்கியது. முள் பாதிவரை ஏறியது.

"ஆஃப் பண்ணி இன்னொரு தடவை."

முள் முழுதாக ஏறியது.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

தொட்டதும் கிளம்பியது. அவள் தன் கையையே பார்த்தாள்.

இன்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டு, முக்காலியை இழுத்துப்போட்டு மீட்டருக்கு எதிரில் உட்கார்ந்தான்.

"என்னடா, படம் பாக்கறியா?" என்றார் கணவர்.

"இடைவேளை வரைக்குமாவது பாக்கணும் அண்ணே."

பத்து நிமிடத்தில் முள் நழுவிக் கீழே வந்துவிட்டது. மறுபடி கிளப்பி, அணைத்த கையோடு டாங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயை இடுக்கியால் இறுக்கினான். இந்த முறை முள் அசையவில்லை.

"பம்புக்குள்ள ஒரு வால்வு இருக்கு. ஏத்தின பெட்ரோல் திரும்ப டாங்குக்கு இறங்காம பிடிச்சு வைக்கும். அது தளர்ந்துபோச்சு. ராத்திரியில குழாய்ல பிரஷரே நிக்கறதில்ல. உங்க கை மேல தப்பே இல்லக்கா."

"அப்ப எனக்கு மட்டும் எப்படிடா ஒழுங்காக் கிளம்புச்சு?"

"இது ஒரே நாள்ல தளராது அண்ணே. உங்க காலத்துலயே ஆரம்பிச்சிருக்கும். காலைல எப்படிக் கிளப்புவீங்க? செஞ்சு காட்டுங்க."

ஓட்டுவதை நிறுத்தி எட்டு மாதமாகியிருந்தது. தடவித் தடவி அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். விரல்கள் எதையும் மறந்திருக்கவில்லை. சாவியைப் போட்டு ஆன் செய்தார், பம்ப் முனகியது. பட்டனை அழுத்திப் பக்கத்து இருக்கைக் கண்ணாடியை இறக்கினார். சாவியை அணைத்தார்.

"இப்ப இறங்கிப் போய் கேட்டத் திறப்பேன். திரும்பி வந்து..." மறுபடி ஆன். பம்ப் மறுபடி முனகியது. கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஸ்டார்ட் பண்ணலையா அண்ணே?"

"இவ வரட்டும்."

வண்டி விடிந்ததிலிருந்து வெயிலில் நிற்கிற வாசல் அது. "கண்ணாடிய முன்னாடியே இறக்கலன்னா உள்ள சூடு அடைஞ்சுக்கும். ஏறினதும் இவளுக்குக் குமட்டும்" என்றார், யாரிடமோ சொல்வது போல.

கண்ணாடியைத் திறந்துபோட்டு இருக்கையெல்லாம் தூசியாக்குகிறார் என்று அவள் எத்தனை வருடம் திட்டியிருப்பாள்.

"தினம் ரெண்டு தடவை பம்ப ஓட விட்டிருக்கீங்க. நோயே தெரியாம வைத்தியம் பாத்திருக்கீங்க அண்ணே" என்றான் அவசரம். "புதுப் பம்ப் செவ்வாய்க்கிழமை வந்துரும். அதுவரைக்கும் அண்ணன் மாதிரியே பண்ணுங்கக்கா."

அவள் கொழுந்தனுக்கு ஃபோன் செய்தாள். "ஞாயித்துக்கிழமை வாங்க, சாப்பிட்டுப் போங்க. வண்டியக் கேக்காதீங்க."

மறுநாள் காலை சாவியைத் திருப்பி, பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, அணைத்தாள். கேட்டைத் திறந்துவிட்டு வந்து மறுபடி ஆன் செய்துவிட்டுக் காத்திருந்தாள். கைத்தடிச் சத்தம் படியிறங்கி வந்தது; கதவு திறந்து மூடியது. முதல் திருப்பிலேயே வண்டி கிளம்பிவிட்டது.

"கண்ணாடிய ஏத்து, தூசி அடிக்குது" என்றார் கணவர்.

"அடிக்கட்டும்" என்று சொல்லி, அவள் கியரைப் போட்டாள்.